இரண்டுக்கு மேல் போனால்

ரத்தம் எடுக்கிறவள் என்று தெரிந்துவிட்டால் ஊரில் ஒரு தனி மரியாதை கிடைக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முழங்கையை மடக்கிக்கொள்வார்கள். இலையில் பாயசம் விழுந்ததும் குரலைத் தாழ்த்தி, "எனக்கு சுகர் ஒண்ணும் இருக்காதுல்லா?" என்று கேட்பார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா என்று எரிச்சல் வரும். ஆனால் பத்துப் பதினொரு வருஷம் அந்த வேலையைப் பார்த்ததில் கொஞ்சம் ஜோசியம் எனக்குப் பிடிபடத்தான் செய்தது.

நாகர்கோவிலில் ஒரு சின்ன லேபில் எனக்கு வேலை. ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, வருகிற எண்ணை நோட்டில் எழுதுவது, கம்ப்யூட்டரில் டைப் செய்து ரிப்போர்ட் எடுப்பது எல்லாம் நானும் இன்னொரு பெண்ணும்தான். லேப் டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். வராத நாட்களுக்கும் சேர்த்து வெறும் ரிப்போர்ட் தாள்களில் கையெழுத்துப் போட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போவார். அது சரியில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பழகிப்போனதால் யாரும் பேசவில்லை.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள். மாதம் தவறாமல் வருவார்கள். ஒரு தடவை பார்த்த எண்ணில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நோட்டைப் புரட்டி, ஒரே ஆளுடைய மூன்று நான்கு எண்களை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஹீமோகுளோபின் பன்னிரண்டில் இருந்து பதினொன்றுக்கு வரும், பிறகு பத்தரை. அல்புமின் என்கிற புரதம் சத்தம் போடாமல் இறங்கும். கிரியாட்டினின் புள்ளிக்கு அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. ரத்தத்தில் அது கூடுகிறது என்றால் சிறுநீரகத்துக்கு வேலை ஓடவில்லை என்று அர்த்தம்.

ஆள் அப்போதும் தனியாகத்தான் பஸ் பிடித்து வருவார். வெற்றிலை போட்டிருப்பார், என்னைக் கிண்டல் செய்வார். சில மாதம் கழித்து மகளோ மருமகளோ கையைப் பிடித்துக் கூட்டிவருவார்கள். பிறகு, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க முடியுமா என்று போன் வரும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒருவர் கையைக் காட்டி ஓடி வந்து பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால் அவர் கண்ணில் படாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். அவருக்கே தெரியாத ஒன்றை நான் தெரிந்துவைத்திருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

என் வீடு, அதாவது என் மாமனாரின் வீடு, தக்கலையில் இருந்து பத்மநாபபுரம் போகிற ரோட்டில் இருந்து உள்ளே நடக்கிற தூரம். அங்கே நாங்கள் இரண்டே பேர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், மாமனாருக்கு ஒரே மகன். 2004-ல் கல்யாணம் முடிந்து நாற்பது நாள் இருந்தார், விமானம் ஏறினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. முதல் ஐந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஆறு மாதம்கூட வராது. பிள்ளை இல்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பார்கள். விசேஷம் என்ன தபாலிலா வரும் என்று கேட்க நாக்கு துடிக்கும். சிரித்துவிட்டு நடந்துவிடுவேன்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாகர்கோவிலுக்கும் திற்பரப்புக்கும் நடுவே அவருக்குத் தெரியாத வளைவு கிடையாது. அவருடைய பெரிய பெருமை, வண்டியில் ஏறினால் இறங்குகிறவரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்பது.

"வெள்ளம் குடிச்சா பாதி வழியில வண்டிய நிறுத்தணும். ஐம்பது பேரு பாத்துட்டு இருக்கும்போ நான் எறங்கி மரத்துக்குப் பின்னால போவணுமா?" என்பார்.

அப்படி வருஷக்கணக்காக அடக்கி ஓட்டியதில் மிஞ்சியது ஒரு முதுகுவலி. பிறகு சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்துகொண்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில் வீட்டிலேயே நான் ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுபோவேன். கிரியாட்டினின் 1.4. அந்த வயதுக்கு அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஏறாமல் அங்கேயே நின்றது, அதனால் பயமில்லை.

நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டையும் இல்லை. இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்போம், அன்றுதான் மஸ்கட்டில் விடுமுறை, போன் வரும். அவர்தான் முதலில் எடுப்பார். "எப்பம் வாறே மக்கா?" என்று கேட்பார். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. பதில் கேட்டதும் முகம் வாடிப்போய் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். மாமனார் மூன்றடி தூரத்தில் நிற்க ஒரு பெண் புருஷனிடம் என்ன பேச முடியும்? சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். சாப்பிட்டாச்சு என்பார். இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

2009-ல் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மாமனாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க வாந்தியும் வயிற்றுப்போக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் 2.4. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டும் டாக்டர் கடிதமும் அனுப்பினால் கம்பெனி எமர்ஜென்சி லீவு தரும் என்றார். இன்டர்நெட் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். மூன்றாவது நாள் வந்துவிட்டார்.

அவர் வந்து சேரும்போது மாமனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டிரிப் ஏற்றியதும் எண் மளமளவென்று இறங்கி 1.5-க்கு வந்துவிட்டது. உடம்பில் இருந்து போன தண்ணீர் திரும்பக் கிடைத்ததும் சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது. பதினைந்து நாள் மகன் கூட இருந்தார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் மாமனார் ஒரே கதையைச் சொன்னார். "கிரியாட்டினின் ரெண்டுக்கு மேல போச்சு. மவன் ஓடி வந்துட்டான்." அதற்கு முன்பு அந்த வார்த்தை அவர் வாயில் நுழையாது. இப்போது பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார்.

மகன் திரும்பிப் போன பிறகு மாமனாருக்கு என் வேலையில் திடீரென்று அக்கறை வந்தது. சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்ததும் கேட்பார்.

"ரெண்டுக்கு மேல போனாத்தான் ஆபத்து, இல்லியா மக்கா?"

"ஆமா மாமா."

"அது என்னத்துக்கு ஏறுது?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு பேசியதே இல்லை. பெரிய டாக்டர் மாதிரி விளக்கினேன். தண்ணீர் குறைந்தால் ஏறும், வயிற்றால் போனால் ஏறும். "மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கித் தின்னப்பிடாது மாமா, அது கிட்னியப் போட்டு அடிக்கும்" என்றேன். எந்த மாத்திரை என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மாமனார் நம் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த வருஷம் ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால். சனிக்கிழமை ரத்தம் எடுக்கலாம் மாமா என்று புதன்கிழமையே சொல்லியிருந்தேன். சனிக்கிழமை காலையில் கையில் ரப்பரைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்க்கிறேன், நரம்பு கிடைக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கை, சாதாரணமாகக் கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். அன்று எல்லாம் உள்ளே போய் ஒளிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கையின் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இரண்டு தடவை குத்தி எடுத்தேன். எண் 2.2.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். காலையில் அவர் கட்டில் பக்கத்தில் நான் நிறைத்து வைத்த தண்ணீர்ச் செம்பு நிறைந்தே இருந்தது. துவைப்பதற்கு எடுத்த சட்டைப் பையில் மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. நான் பெயர் சொல்லி எச்சரித்த அதே மாத்திரை. பத்தில் நான்குதான் மிச்சம்.

எனக்கு ஒரு நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மூன்று நாளாகத் தயாராகியிருக்கிறார். மற்றவர்கள் நல்ல எண் வரவேண்டும் என்று ரத்தம் எடுப்பதற்கு முந்தின வாரம் இனிப்பை நிறுத்துவார்கள், நடப்பார்கள். இவர் கெட்ட எண் வரவேண்டும் என்று தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். யாருக்காவது தோன்றுமா இப்படி? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகு நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். மாத்திரை அட்டையை அவர் தலையணைப் பக்கத்தில் வைத்தேன், சட்டையில் இருந்து தவறி விழுந்த மாதிரி. மறுநாள் இன்டர்நெட் கடைக்குப் போய் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து மஸ்கட்டுக்கு அனுப்பினேன். மாமனார் பேரில் இரக்கப்பட்டு அனுப்பினேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு என் புருஷன் வேண்டும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்த வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்தால் மறுநாள் காலைவரை ஒரு மனிதக் குரல் கிடையாது. அவ்வளவுதான் காரணம்.

அவர் வந்தார். ஓணத்துக்கு வீட்டில் ஆள் இருந்தது. மூன்று பேரும் திற்பரப்புக்குப் போய் அருவியில் குளித்தோம். பஸ்ஸில் மாமனார் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும், "இங்க செகண்ட் கியருக்கு வரணும்" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை ஒரு பிள்ளை தங்கிவிடும் என்று நினைத்தேன். தங்கவில்லை.

மகன் கிளம்புவதற்கு முன்னால் மறுபடியும் ரத்தம் எடுத்தேன். 1.6. எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் நோட்டைப் புரட்டிப் பழைய எண்களைப் பார்த்தேன். முதல் தடவை 2.4 வரை போய் 1.5-க்கு இறங்கியது. இப்போது 2.2 வரைதான் போனது, ஆனால் இறங்கி நின்ற இடம் 1.6. பழைய 1.4 திரும்ப வரவே இல்லை. நோட்டில் வேறு யாருடைய பெயருக்கு நேரே இப்படி ஒரு வரிசையைப் பார்த்தாலும் இவர் இறங்குமுகம் என்று சொல்லிவிடுவேன்.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே கணவர் சொன்னார், "ஏட்டி, சூப்பர்வைசர் கடுப்பா இருக்கான். இன்னொரு தடவ எமர்ஜென்சின்னு கேட்டா விசாவ முடிச்சு அனுப்பிருவேன்னுட்டான். நல்லா பாத்துட்டு, உண்மையிலேயே மோசம்னா மட்டும் சொல்லு."

நல்லா பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அன்றிலிருந்து நான் மாட்டிக்கொண்டேன். மாமனாரிடம் நேரே கேட்கலாம், கேட்டால் அவர் முகத்தில் முழிக்க முடியாது, தவிர, தெரிந்துமா போன தடவை ரிப்போர்ட் அனுப்பினாய் என்று அவர் திருப்பிக் கேட்பார். கணவரிடம் சொல்லலாம், அவரும் அதையேதான் கேட்பார். சொல்லாமல் இருக்கலாம், மாமனார் தன் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓணத்துக்கு முன்னால் நான் துவைத்த அந்தச் சட்டை வந்து நின்றது.

என்னால் ஆனதைச் செய்தேன். முன்னால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வைத்தேன். குடித்தார். நான் எட்டு மணி பஸ்ஸுக்குப் போன பிறகு நடப்பது யாருக்குத் தெரியும்? சட்டைப் பைகளைத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. தேதியை முன்கூட்டிச் சொல்வதை நிறுத்தினேன். ஒரு திங்கட்கிழமை காலையில் திடீரென்று ஊசியோடு போய் நின்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எப்போது வந்தாலும் தயார் என்கிற மாதிரி இருந்தது.

2.3.

மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் 2.3 என்றே எழுதினேன். பிறகு டிராயரில் இருந்து கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, 1.4 என்று டைப் செய்து ரிப்போர்ட் எடுத்தேன். இந்த வித்தை இனிப் பலிக்காது என்று தெரிந்தால் அவரே விட்டுவிடுவார். கணவருக்கும் வேலை போகாது. அடுத்த மாதத்துக்குள் தண்ணீர் குடித்துச் சரியாகிவிடும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தேன்.

மாமனார் கண்ணாடியைப் போட்டு ரிப்போர்ட்டைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மெஷினு செரியாத்தான் ஓடுதா?"

"புது மெஷின் மாமா."

வெள்ளிக்கிழமை போனில் கணவரிடம் நார்மல் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மாமனாருக்கு விக்கல் நிற்கவில்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தது. காப்பியைக் குடித்ததும் வாந்தி எடுத்தார். பேசும்போது மூச்சு வாங்கியது. வாடகைக் கார் பிடித்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிரியாட்டினின் எட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

கிட்னி டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். என் பையில் இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"போன மாசம் 1.4. அப்போ இது திடீர்னு வந்ததுதான். ரெண்டு மூணு டயாலிசிஸ் பண்ணினா பழையபடி ஆகிடுவார். மகன் வெளிநாட்டுலயா? ஓடி வரவேண்டாம்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். போனைக் கையில் எடுத்தேன். வர வேண்டாம் என்று சொன்னால் கணவர் வர மாட்டார். நான் அடித்த ஒரு பொய் எண்ணை நம்பி அந்த டாக்டர் வைத்தியம் செய்வார். உள்ளே கிடக்கிறவர் ஒருவேளை மகனைப் பார்க்காமலே போய்விடுவார். போனை மடியில் வைத்துவிட்டு எழுந்து மறுபடி உள்ளே போனேன்.

"டாக்டர், அந்த எண் தப்பு. 2.3."

"யார் டைப் பண்ணினது?"

"நான்தான். தெரிஞ்சேதான் பண்ணினேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. வலி மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் சொன்னேன். கேஸ் ஷீட்டில் 1.4-ஐ அடித்துவிட்டு 2.3 என்று எழுதினார்.

"அப்போ இது பல நாளாகக் கெட்டுட்டு வந்திருக்கு. திரும்பி வர்றது கஷ்டம். மகனை வரச் சொல்லுங்க." பேனாவை மூடினார். "உங்க வீட்டு விஷயத்தில நான் தலையிட மாட்டேன். ஆனா நீங்க இனி எந்த லேப்லயும் உட்காரக்கூடாது."

அன்று சாயங்காலமே லேபுக்குப் போய் எங்கள் லேப் டாக்டரிடம் நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் டிராயரில் இருந்த கையெழுத்துத் தாள்களை எல்லாம் எடுத்து என் கண் முன்னால் கிழித்தார். வெளியே மூச்சுவிடாதே என்றார். நானும் விடவில்லை. அன்றோடு லேபுக்குப் போவதும் நின்றது. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? மாமனாரைப் பார்ப்பதற்காக இருந்த வேலையை விட்டுவிட்டாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்றார்கள். கோயிலில், கடையில், பஸ்ஸில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கணவர் இந்தத் தடவை வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டே வந்தார். சிறுநீரகம் திரும்பி வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். பழைய வேன் ஒன்று வாங்கி அவரே ஓட்டிக் கூட்டிப்போனார், மற்ற நாட்களில் ஏசி, பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போனார். சிறுநீர் பிரியாததால் மாமனாருக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் நான் அளந்து வைப்பேன். தாகத்தில் அவர் அதைத் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நானும் மாமனாரும் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கணவர் வீட்டில் இருந்தார். காலையில் பல் தேய்க்கிற சத்தம் கேட்டது, கொடியில் அவர் சட்டை காய்ந்தது. எனக்கு மூச்சு முட்டியது. முன்பு அவர் தூரத்தில் இருந்தபோது மறைப்பது சுலபம், வாரத்துக்குச் சில நிமிஷம்தான். இப்போது இருபத்துநான்கு மணி நேரமும் பக்கத்தில் இருக்கிறார். போவதற்கு எனக்கு வேலையும் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார், "மூணு வாரத்துல 1.4 எட்டாவுமா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே." சிலருக்கு அப்படி ஆகும் என்றேன். அவர் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் டயாலிசிஸ் அறையில் மாமனாரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரம் அந்த மெஷின் ஓட வேண்டும். கணவர் சாயா குடிக்க வெளியே போயிருந்தார். மாமனார் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"மக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இது தானா வந்த சீக்கு இல்ல. நானே வரவச்சது."

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் குடிக்காமல் இருந்தது, மாத்திரை வாங்கியது, ரெண்டுக்கு மேல் போனால் மகன் வருவான் என்று கணக்குப் போட்டது. ஓணத்துக்கு முன்னால் செய்தது பலித்தது என்றார்.

"கடைசித் தடவ எவ்வளவு பாத்தும் அந்த நம்பர் ஏறல கேட்டியா. 1.4-லயே நிக்குது. என்ன இதுன்னு எனக்கே விளங்கல. அதுக்குப் பொறவுதான் ரெண்டு ரெண்டு மாத்திரையா போட ஆரம்பிச்சேன்."

அந்த நிமிஷம்வரை எனக்கு அது தெரியாது. பொய் எண்ணால் டாக்டரை ஏமாற்றினேன், அதைத் திருத்தியும்விட்டேன், என் தப்பு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மாத்திரை அவர் கை, அவர் வாய் என்று ராத்திரிகளில் எனக்கு நானே வாதாடியிருந்தேன். இப்போது அந்த வாதமும் போயிற்று.

"ஏறிச்சு மாமா," என்றேன். "2.3. நான்தான் குறைச்சு எழுதினேன்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"மாத்திரை சமாச்சாரம் உனக்குத் தெரியுமா அப்பம்?"

"ஓணத்துக்கு முன்னாலயே தெரியும். சட்டையில இருந்துது."

"பொறவு என்னத்துக்கு அப்பமே சொல்லல?"

அழுகை வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். குழாயில் அவருடைய ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அவரே சொன்னார்.

"உனக்கும் அவன் வரணும். இல்லியா?"

தலையை ஆட்டினேன். அவர் ஊசி குத்தாத கையை எடுத்து என் கையின் மேல் வைத்தார். கல்யாணமாகி வந்து எட்டு வருஷத்தில் ஒருநாளும் அவர் என்னைத் தொட்டதில்லை.

"அவன்கிட்ட சொல்லப்பிடாது மக்கா. என் விசயத்தச் சொன்னா உன்னதும் வெளிய வரும்."

கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் உள்ளே வந்தார். என்ன, இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஏசி குளிர் தாங்கவில்லை என்று மாமனார் சொன்னார். கணவர் போர்வையை இழுத்து அவர் தோள்வரை மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு மாமனார் ஏழெட்டு மாதம் இருந்தார். ஹீமோகுளோபின் இறங்கியது, அல்புமின் இறங்கியது, ரிப்போர்ட்டைக் கணவர்தான் வாங்கி வருவார், நான் பார்த்துவிட்டு மடித்துக் கொடுப்பேன். அந்த விஷயத்தைப் பற்றி நானும் மாமனாரும் மறுபடி பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகன் முகம் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஆண்கள் முற்றத்தில் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லாருக்கும் பால் விடாத கட்டன்சாயா கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் சொல்வது கேட்டது. "கல்ஃப்ல கூட வேல பாத்தவனுங்க எத்தன பேரு அப்பன் ஆத்தா மொகத்தக் கடைசியில பாக்காமப் போனானுவ. எனக்கு ரெண்டு வருசம் கூட இருக்கக் கெடச்சுது. எல்லாம் இவ ஒருத்தியாலதான். ரத்தத்தப் பாத்து ஒவ்வொண்ணும் இவதான் நேரத்துக்குச் சொன்னா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.